சூப்பர் வரியும் ஆறு கிலோ துணியும்

கோயமுத்தூரைச் சுற்றி இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ்களில் இருந்து இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளிடம் "கன்ஸ்ட்ரக்டர் இன்ஹெரிட் ஆகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் "ஆகாதுங் சார்" என்று பதில் வந்துவிடும். மனப்பாடம். (கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை வார்க்கிற அச்சு, கன்ஸ்ட்ரக்டர் என்பது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடுகிற கோடு, இன்ஹெரிட் என்பது பேரண்ட் கிளாஸில் இருப்பது அதை எக்ஸ்டெண்ட் பண்ணுகிற சைல்டு கிளாஸுக்கு வருவது.) "சரி, ஆகாதுன்னா சைல்டு ஆப்ஜெக்ட் உண்டாக்கறப்ப பேரண்ட் கன்ஸ்ட்ரக்டர் எதுக்குப்பா ஓடுது?" என்று அடுத்ததைக் கேட்டால் பாதிப் பேர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பாடத்தில் வருகிற உதாரணம் அப்படி. விலங்கு என்று ஒரு கிளாஸ், அதை எக்ஸ்டெண்ட் பண்ணி நாய், பூனை. நாய் லொள் என்று பிரிண்ட் பண்ணும், பூனை மியாவ் என்று பிரிண்ட் பண்ணும், மார்க் வாங்கிவிடலாம். அந்த விலங்குக்குள் டேட்டாவே கிடையாது. டேட்டா இல்லாத கிளாஸுக்கு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இன்ஹெரிட்டன்ஸின் வில்லங்கமெல்லாம் கிளாஸுக்குள் நாலு ஃபீல்டு, அதாவது டேட்டா வைக்கிற இடம், வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதனால் நாய் பூனையை விட்டுவிட்டு என் பொழப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஜாப் ஒர்க் பண்ணுகிறவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் வேலை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: இங்கே ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே தயாராவது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங். ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தர் கையில். ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குத் துணி நகரும்போதெல்லாம் கூடவே ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான், போகும். அதில் பார்ட்டி பெயர், லாட் நம்பர், எத்தனை கிலோ என்பது எல்லா வேலைக்கும் பொது. சாயத்துக்கு மட்டும் கலரும் லாஸ் (வேலையில் குறையும் எடை) சதவீதமும் சேரும், நிட்டிங்குக்கு டயாவும் (விட்டம்) ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) சேரும். இன்ஹெரிட்டன்ஸ் பண்ணு என்று கெஞ்சுகிற மாதிரியான தொழில். ஜாப்ஆர்டர் என்று ஒரு பேரண்ட் கிளாஸ், அதற்குக் கீழே சாயஆர்டர், நிட்டிங்ஆர்டர், பிரிண்டிங்ஆர்டர். மொழி ஜாவா.

இப்போது "நியூ சாயஆர்டர்" என்று எழுதினால் உள்ளே என்ன நடக்கிறது? பலரும் நினைக்கிற மாதிரி ஜாப்ஆர்டர் ஒன்று தனியாக உருவாகி, சாயஆர்டர் இன்னொன்று உருவாகி, இரண்டையும் ஒட்டுவதில்லை. உருவாவது ஒரே ஆப்ஜெக்ட்தான். பார்ட்டி, லாட், எடை, கலர், லாஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் மெமரி ஒதுக்கப்படும், எண்கள் எல்லாம் சைபர், மற்றதெல்லாம் நல் (null), அதாவது ஒன்றுமில்லை. கன்ஸ்ட்ரக்டர் என்பது ஆப்ஜெக்டை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே ஒதுக்கிய வெற்று இடத்தில் மதிப்புகளை நிரப்புவதுதான் அதன் வேலை. பார்ட்டியையும் எடையையும் எப்படிச் சரியாக நிரப்ப வேண்டும் என்பது ஜாப்ஆர்டருக்குத்தான் தெரியும், சாயஆர்டருக்குத் தெரியக்கூடாது, பிரைவேட் ஃபீல்டாக இருந்தால் தெரியவும் தெரியாது. அதனால் சைல்டு கன்ஸ்ட்ரக்டர் தன் வேலையைத் தொடங்குவதற்கு முன் பேரண்டின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அதுதான் சூப்பர் என்ற அந்த வரி. இன்ஹெரிட் ஆகவில்லை, கூப்பிடப்படுகிறது. நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலர் (நம் கோடை மெஷினுக்கு மொழிபெயர்க்கிற புரோகிராம்) தானே ஆர்க்யுமென்ட் (கூப்பிடும்போது கொடுக்கிற மதிப்பு) இல்லாத ஒரு சூப்பர் வரியைச் சேர்த்துவிடும், அதனால்தான் நாய் பூனை உதாரணத்தில் அது கண்ணிலேயே படுவதில்லை.

தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: பாவு (நீள நூல்) பூட்டாமல் ஊடை (குறுக்கு நூல்) அடிக்க முடியாது. சாயஆர்டர் கன்ஸ்ட்ரக்டர் சூப்பரைக் கூப்பிடும், ஜாப்ஆர்டர் தன் பங்குக்கு அதற்கும் மேலே, ஜாவாவில் எல்லா கிளாஸுக்கும் தலையாக இருக்கிற ஆப்ஜெக்ட் என்ற கிளாஸைக் கூப்பிடும். கூப்பிடுவது கீழிருந்து மேலே, நிரப்புவது மேலிருந்து கீழே. முதலில் ஆப்ஜெக்ட், பிறகு ஜாப்ஆர்டரின் ஃபீல்டுகளும் கன்ஸ்ட்ரக்டர் உடம்பும், அது முடிந்த பிறகு சாயஆர்டரில் "லாஸ் = 6" என்று டிக்ளேர் பண்ணும் இடத்திலேயே எழுதியவை, கடைசியாக சாயஆர்டர் கன்ஸ்ட்ரக்டரின் மிச்ச வரிகள். இந்த வரிசையை மட்டும் ஒருத்தர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்றால் கன்ஸ்ட்ரக்டர் பற்றி அவரிடம் வேறு எதையும் நான் கேட்க மாட்டேன்.

டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் கதை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கன்ஸ்ட்ரக்டரும் எழுதாவிட்டால் ஜாவா ஒன்றைத் தானே கொடுக்கும், ஒன்றே ஒன்று எழுதிவிட்டாலும் அந்த இனாம் போய்விடும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது டிசியிலும் ஜிஎஸ்டி நம்பர் வேண்டும் என்றானது, 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். நான் பின்னாளில் போய்ச் சேர்ந்த ஒரு இடத்தில், அந்தச் சமயம் யாரோ ஜாப்ஆர்டரில் ஜிஎஸ்டி நம்பரைக் கேட்கிற கன்ஸ்ட்ரக்டரை எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுதிய உடனே கீழே இருக்கிற அத்தனை சைல்டு கிளாஸும் சிவப்பாகிவிடும், ஏனென்றால் கம்பைலர் போட்டுவைத்த வெறும் சூப்பர் வரிக்கு மேலே பொருத்தமான கன்ஸ்ட்ரக்டர் இல்லை. இந்த எரர் உண்மையில் ஒரு உபகாரம்: எந்தெந்த கிளாஸைத் திருத்த வேண்டும் என்று கம்பைலரே பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பேரண்டில் ஆர்க்யுமென்ட் இல்லாத காலி கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். சிவப்பு போய்விட்டது. அதற்கப்புறம் பார்ட்டியே இல்லாத டிசிகள் டேட்டாபேஸில் பிறக்க ஆரம்பித்தன. கம்பைலர் வாயை அடைப்பதற்காகக் காலி கன்ஸ்ட்ரக்டர் எழுதுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து எந்த டீமிலும் நல்லதில் முடிந்ததில்லை. ஹைபர்னேட் மாதிரியான, ஆப்ஜெக்டை டேட்டாபேஸோடு இணைக்கிற லைப்ரரிகள் கேட்கின்றன என்றால் அது வேறு விஷயம், அங்கேயும் கண்டவர்கள் கூப்பிட முடியாதபடி அதை புரொடெக்டட் ஆக வைத்துவிட்டு நகரலாம்.

சரி, தலைப்பில் இருக்கிற ஆறு கிலோவுக்கு வருகிறேன்.

டீமில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தம்பி ஒருத்தர். சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி அனுப்பினால் முழுசாக 100 கிலோ திரும்பி வராது, வேலையில் கொஞ்சம் குறையும், எவ்வளவு குறையலாம் என்று பார்ட்டியும் பட்டறையும் பேசிவைத்திருப்பார்கள். 6 சதவீதம் என்று பேசியிருந்தால் 94 கிலோ வர வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் 100 கிலோ வர வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு, 94 வந்ததும் "6 கிலோ குறைவு" என்று ரிப்போர்ட் கொடுத்தது. பார்ட்டியின் கணக்குப்பிள்ளை பட்டறைக்காரரைப் பிடித்துக்கொண்டார், பட்டறைக்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, லாஸ் ஆறுன்னு கன்ஸ்ட்ரக்டர்லயே குடுத்திருக்குதுங்க. டீபக்கர்ல பாத்தாலும் ஆப்ஜெக்ட்ல ஆறுன்னுதான் நிக்குது. கணக்கு மட்டும் நூறுன்னே வருதுங்ணா."

"பிரேக்பாயிண்ட் எங்க வெச்ச?"

"கன்ஸ்ட்ரக்டர் முடியற எடத்துலீங்க."

"அதத் தூக்கி எடைக்கணக்கு மெத்தடுக்குள்ள வெச்சு ஓட்டு."

ஓட்டினார். பிரேக்பாயிண்டில், அதாவது புரோகிராமை நிறுத்திப் பார்க்கிற இடத்தில், நின்றது. கால் ஸ்டாக்கின் (எதை எது கூப்பிட்டது என்ற பட்டியலின்) உச்சியில் மூன்று வரி. அந்த மூன்றில் அடியில் சாயஆர்டர் கன்ஸ்ட்ரக்டர், அதற்கு மேலே ஜாப்ஆர்டர் கன்ஸ்ட்ரக்டர், அதற்கும் மேலே மறுபடியும் சாயஆர்டர், இந்தத் தடவை எடைக்கணக்கு மெத்தட். பக்கத்து ஜன்னலில் எடை 100.0, லாஸ் 0.0, கலர் நல்.

"அட, என்னங்ணா இது, கலர் கூட இல்ல?"

எப்படி இருக்கும்? ஜாப்ஆர்டரின் கன்ஸ்ட்ரக்டர் கடைசி வரியில் எடைக்கணக்கு மெத்தடைக் கூப்பிட்டுத் திரும்பிவர வேண்டிய எடையைப் பதிந்துவைக்கிறது. பேரண்டில் அந்த மெத்தட் எடையை அப்படியே கொடுக்கும், சாயஆர்டர் அதை ஓவர்ரைடு பண்ணி, அதாவது தனக்கென்று மாற்றி எழுதி, லாஸைக் கழிக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் என்றாலும் ஆப்ஜெக்ட் சாயஆர்டர்தான், அதனால் ஜாவா ஓவர்ரைடு பண்ணியதைத்தான் கூப்பிடும். ஆனால் சாயஆர்டரின் கன்ஸ்ட்ரக்டர் இன்னும் சூப்பர் வரியிலேயே நிற்கிறது, லாஸை நிரப்பும் வரி அதற்குக் கீழே இருக்கிறது. நூறில் சைபர் சதவீதம் கழித்தால் நூறு. கணக்கு தப்பில்லை, நேரம்தான் தப்பு.

இதில் மோசமானது என்னவென்றால் எந்த எக்ஸப்ஷனும், அதாவது ஓடும்போது விழுகிற எரரும், வரவில்லை. கலரைத் தொட்டிருந்தால் நல் பாயிண்டர் எக்ஸப்ஷன் வந்து முதல் நாளே வெளுத்திருக்கும். சைபர் என்பதும் ஒரு எண்தான் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை, தம்பி அடுத்து முயற்சி பண்ணியது: லாஸை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்கி டிக்ளேர் பண்ணும் இடத்திலேயே 6 என்று எழுதினார். சரியாகிவிட்டது! ஏனென்றால் ஃபைனலாகவும் கான்ஸ்டன்ட்டாகவும் இருந்தால், அந்த ஃபீல்டைப் படிக்கிற இடங்களில் கம்பைலர் 6 என்ற எண்ணையே ஒட்டிவிடும், ஃபீல்டைப் போய்ப் பார்ப்பதே இல்லை. பிழை சரியானதல்ல, ஒளிந்துகொண்டது. பார்ட்டிக்குப் பார்ட்டி லாஸ் மாறும் என்று ஃபைனலை எடுத்த அன்றே திரும்ப வந்து நிற்கும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பேரண்ட் கன்ஸ்ட்ரக்டர் கூப்பிடுகிற மெத்தட், சைல்டின் ஒரு ஃபீல்டில் மதிப்பைப் போட்டுவைக்கிறது என்று வையுங்கள். சைல்டில் அந்த ஃபீல்டை "கலர் = நல்" என்று எழுதியிருந்தால், சூப்பர் முடிந்து திரும்பியதும் அந்த வரி ஓடிப் போட்டதை அழித்துவிடும். "= நல்" என்பதை மட்டும் எடுத்துவிட்டால் மதிப்பு அப்படியே நிற்கும். எதற்கும் இருக்கட்டும் என்று நல் போட்டு வைக்கிறவர்கள் இதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

இதே நிரலை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினாலும் விடை 100தான் வரும், ஆனால் காரணம் வேறு. அங்கே பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது ஆப்ஜெக்ட் பேரண்ட் வகையாகவே நடத்தப்படும், விர்ச்சுவல் (சைல்டு ஓவர்ரைடு பண்ணலாம்) என்று போட்டிருந்தாலும் பேரண்டின் எடைக்கணக்குதான் ஓடும், சைல்டின் நிரம்பாத ஃபீல்டைத் தொடுகிற பேச்சே இல்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, ஜாவாக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன். ஆனால் அந்த மெத்தடைப் பேரண்டில் ப்யூர் விர்ச்சுவலாக (உடம்பே இல்லாமல்) விட்டிருந்தால் கூப்பிட ஒன்றுமில்லை, பெரும்பாலும் புரோகிராம் பில்டு ஆகும்போதோ ஓடும்போதோ விழும். போகும்போது வரிசை தலைகீழ்: ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடுகிற டிஸ்ட்ரக்டர் சைல்டில் தொடங்கிப் பேரண்டில் முடியும். சி ஷார்ப் இன்னும் ஒரு மாதிரி. அங்கே டிக்ளேர் பண்ணும் இடத்தில் எழுதிய மதிப்புகள் பேரண்ட் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னாலேயே நிரம்பிவிடும், ஆகவே அங்கே எழுதிய 6 தப்பித்துவிடும், கன்ஸ்ட்ரக்டர் வழியாக வந்த 6 தப்பிக்காது. ஒரு மொழியில் கற்றதை இன்னொரு மொழிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாட்டுகிற இடம் இது.

மேலே இருப்பது முதலில் ஓடும் என்கிற இந்த யோசனை ஜாவாவைவிட, சி பிளஸ் பிளஸ்ஸைவிடப் பழையது. நார்வேயின் ஓஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இரண்டு பேர் 1960-களில் உருவாக்கிய சிமுலா 67-லேயே கிளாஸ், சப்கிளாஸ், விர்ச்சுவல் மூன்றும் இருந்தன. அங்கே கன்ஸ்ட்ரக்டர் என்று தனியாக ஒன்று கிடையாது, கிளாஸின் உடம்பே ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும். மேல் கிளாஸின் உடம்பில் இன்னர் என்று ஒரு இடம் விட்டுவைப்பார்கள். அதுவரை மேலே இருப்பது ஓடும், இன்னர் வந்ததும் கீழ் கிளாஸின் உடம்பு ஓடும், அது முடிந்ததும் திரும்ப வந்து மேலே மிச்சம் இருப்பது ஓடும். நம் எடைக்கணக்கு வரியை இன்னருக்குப் பின்னால் போட்டிருந்தால் இந்த ஆறு கிலோ தகராறே வந்திருக்காது. அந்த இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2001-ஆம் ஆண்டுக்காகக் கொடுத்தார்கள். சி பிளஸ் பிளஸ்ஸை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பும் சிமுலாவில் வேலை செய்து பார்த்தவர்தான்.

ஜாவாவில் சூப்பர்தான் முதல் வரியாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு எதுவும் கூடாது என்ற விதி 1990-களில் இருந்து அசையாமல் இருந்தது. எடை மைனஸில் வந்தால் பேரண்டைக் கூப்பிடுவதற்கு முன்பே தடுத்துவிடலாம் என்றால் முடியாது, ஆப்ஜெக்ட் தேவைப்படாத ஒரு ஸ்டாட்டிக் மெத்தட் எழுதி அதைச் சூப்பரின் அடைப்புக்குறிக்குள் திணித்துச் சமாளிப்போம். ஜாவா 22-ல் முன்னோட்டமாக வந்து, மூன்று பதிப்பு பரிசோதனையில் இருந்துவிட்டு, 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-ல் அந்த விதி அதிகாரபூர்வமாகத் தளர்ந்துவிட்டது. சூப்பருக்கு முன்னால் ஆர்க்யுமென்டைச் சரிபார்க்கலாம், அதைவிட முக்கியமாகத் தன் கிளாஸின் ஃபீல்டுகளில் மதிப்பு போடலாம். அதாவது லாஸை நிரப்பிவிட்டுச் சூப்பரைக் கூப்பிடலாம், பேரண்ட் எடைக்கணக்கைக் கூப்பிட்டாலும் 94 வரும். போடத்தான் முடியும், இன்னும் முழுசாகாத ஆப்ஜெக்டில் இருந்து படிக்கவோ அதன் மெத்தடைக் கூப்பிடவோ முடியாது, கம்பைலர் விடாது.

பைத்தானில் இந்த வம்பே வேறு வடிவம். அங்கே கன்ஸ்ட்ரக்டர் வேலையைப் பார்க்கிற இனிட் என்பதும் சாதாரண மெத்தட் மாதிரிதான், சைல்டில் எழுதாவிட்டால் பேரண்டினுடையது அப்படியே வரும், எழுதினால் பேரண்டினுடையது ஓடாது. சூப்பரைக் கூப்பிட மறந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், சாயங்காலம் யாராவது பார்ட்டி பெயரை அச்சடிக்கப் போகும்போது அப்படி ஒரு ஆட்ரிபியூட்டே இல்லை என்று விழும். பல கிளாஸ்களை ஒன்றாக எக்ஸ்டெண்ட் பண்ணினால் சூப்பர் என்பது உங்கள் பேரண்ட் என்றுகூட அர்த்தமில்லை, வரிசையில் அடுத்து யாரோ அவர். அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலி கன்ஸ்ட்ரக்டர் இருந்த அதே பழைய கோடில் ஜாப்ஆர்டர் கிளாஸ் பார்ட்டி கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணியிருந்தது. ஏன்? பார்ட்டியின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் ஓசியில் கிடைக்கும் என்று. ஒரு ஆர்டர் எப்படி பார்ட்டி ஆகும்? அதை முதலில் காட்டிக்கொடுத்தது கன்ஸ்ட்ரக்டர்தான்: ஆர்டர் போடும் ஒவ்வொரு தடவையும் சூப்பருக்கு முகவரி, போன் நம்பர், பின்கோடு என்று நீளமாக அனுப்ப வேண்டியிருந்தது. சூப்பருக்குள் சம்பந்தமில்லாத ஆர்க்யுமென்ட் கூடிக்கொண்டே போகிறது என்றால் அங்கே இன்ஹெரிட்டன்ஸே வேண்டியதில்லை, ஆர்டருக்குள் பார்ட்டி என்று ஒரு ஃபீல்டு போதும். இதில் நம் ஊர் ஆட்களை மட்டும் கேலி பண்ணவும் முடியாது. ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஸ்டாக் கிளாஸ், எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான வெக்டரை எக்ஸ்டெண்ட் பண்ணுகிறது, அதனால் மேலே மட்டும் வைத்து மேலேயே எடுக்க வேண்டிய ஸ்டாக்கின் நடுவில் எதையும் செருகலாம். இன்றுவரை திருத்த முடியவில்லை, திருத்தினால் உலகத்தில் யாருடைய புரோகிராமாவது உடையும்.

எங்கள் சர்வர் இன்னும் ஜாவா 17-ல் ஓடுகிறது, 25-க்குப் போக மேலிடத்துக்கு மனசு வரவில்லை. அதனால் தம்பியை ஜாப்ஆர்டர் கன்ஸ்ட்ரக்டரில் இருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னேன். திரும்பிவர வேண்டிய எடையைப் பதிந்துவைக்கும் ஃபீல்டும் போய்விட்டது, டிசி அச்சாகும்போதும் ரிப்போர்ட் எடுக்கும்போதும் எடைக்கணக்கு அப்போதைக்கு அப்போது ஓடும், அதற்குள் எல்லா ஃபீல்டும் நிரம்பியிருக்கும். பார்ட்டி, லாட், எடை மூன்றையும் ஃபைனல் ஆக்கி, கன்ஸ்ட்ரக்டருக்குள் சரிபார்ப்பதும் நிரப்புவதும் தவிர வேறு வேலை இல்லை என்று வைத்தாயிற்று. காலி கன்ஸ்ட்ரக்டரை எடுத்தபோது மறுபடியும் எல்லா சைல்டும் சிவப்பானது, இந்தத் தடவை தம்பி ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினார். டேட்டாபேஸில் ஏற்கெனவே ஏறிவிட்ட பழைய 100 கிலோக்களைத் திருத்தத் தனி ஸ்கிரிப்ட் எழுதி, பட்டறைக்காரருக்குப் புது ரிப்போர்ட் அனுப்பினோம்.